புகையானை எதிர்க்க நெற்பயிருக்குத் துணை நிற்கும் முறை

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான புகையான் தாக்கிய நெல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து சாய்வதைக் கண்ட பின்னரே பலர் மருந்தைத் தேடுகிறார்கள். ஆனால் வெற்றி தோல்வி அதற்கு வெகுமுன்பே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடிப்பகுதியில் முடிவாகிவிடுகிறது. பூச்சி தன் ஊசி வாயைச் செலுத்தும்போது சுரக்கும் உமிழ்நீரில் ஒரு பகுதி இறுகி வாயைச் சுற்றி உறையாகிறது. உமிழ்நீரிலுள்ள ஒரு நொதி செல்சுவரின் செல்லுலோஸைச் சிதைத்து வழியை எளிதாக்குகிறது. பயிரும் சும்மா இருப்பதில்லை. சாறு ஓடும் சல்லடைக் குழாய்களில் காலோஸ் என்னும் பொருளைப் படியவைத்து அவற்றை அடைக்கிறது. எதிர்ப்புத் திறனற்ற இரகங்களில், காலோஸைக் கரைக்கும் பயிரின் சொந்த நொதிகளே பூச்சி உண்ணும்போது தூண்டப்பட்டு, அடைபட்ட குழாய் மீண்டும் திறந்துகொள்கிறது. எதிர்ப்புத் திறனுள்ள இரகங்களில் அடைப்பு நிலைத்து, பூச்சி பட்டினி கிடக்கிறது.

ஆகவே எதிர்ப்புத் திறனுள்ள இரகத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. ஆனால் ஒரே இரகத்தை ஊரெங்கும் போகத்துக்குப் போகம் நட வேண்டாம். ஒற்றை எதிர்ப்பு மரபணுவுடன் 1973இல் வெளியான ஐ.ஆர். 26 இரகத்தின் எதிர்ப்பைச் சில ஆண்டுகளிலேயே புகையான் முறியடித்துவிட்டது.

அடுத்தது தழைச்சத்து. யூரியா மிகுந்தால் சாற்றில் அமினோ அமிலங்கள் பெருகி, தண்டு மென்மையாகி, பூச்சிக்கு விருந்தாகிறது. எனவே இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டு உரத்தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, உரத்தைப் பிரித்து இடுங்கள். நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

வாரந்தோறும் தூரை விலக்கிப் பார்த்துப் பூச்சிகளை எண்ணுவது மிகவும் அவசியம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு பூச்சியும், குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட தூர்களின் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு பூச்சிகளும் இருந்தால் மட்டுமே தெளிப்பு தேவைப்படும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை சிலந்திகளையும் புகையான் முட்டைகளை உண்ணும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் கொன்று, புகையானை முன்னிலும் அதிகமாகப் பெருகவிடுகின்றன. தெளித்தே ஆகவேண்டிய நிலையில், தண்ணீரை வடித்துவிட்டு, 3 விழுக்காடு வேப்பெண்ணெய்க் கரைசலைத் தூரின் அடிப்பகுதி நனையும்படி தெளியுங்கள். இலைகளின் மேல் மட்டும் விழும் மருந்து பூச்சி இருக்கும் இடத்தை எட்டாது.