காப்புரிமைப் பத்திரத்தை எங்கே தவறாக வாசிக்கிறோம்?

மின்னணுவியல், கணினி, ஒளியியல் பற்றி எழுதுகிறவர்களின் கையில் ஒரு பழைய காப்புரிமை (பேட்டன்ட்) எண் கிடைத்துவிட்டால் போதும், "இதை முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் அப்படி எதையும் சொல்வதில்லை. காப்புரிமை ஒரு சட்ட ஆவணம். அதை வரலாற்றுச் சான்றிதழாக வாசிப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் தொடங்குகிறது.

இங்க்ஜெட் அச்சுப்பொறியையே எடுத்துக்கொள்வோம். 1977-இல் கேனன் ஆய்வகத்தில், மை நிரம்பிய ஊசியின் மேல் சூடான சால்டரிங் அயர்ன் பட்டுவிட, ஊசி நுனியிலிருந்து மை தெறித்தது. அதைக் கண்ட இச்சிரோ எண்டோ, வெப்பத்தால் குமிழியை உண்டாக்கி மைத்துளியை வெளியே தள்ளும் முறைக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஜப்பானில் விண்ணப்பமும் பதிவானது. ஓரிரு ஆண்டுக்குள் அமெரிக்காவில் ஹியூலெட்-பேக்கர்டின் ஜான் வாட் தனியாகவே இதே வழியைப் பிடித்தார். அந்த நிறுவனத்தின் திங்க்ஜெட் 1984-இல் சந்தைக்கு வந்தது. இருவரில் யார் முதல்வர்?

இருவரும் இல்லை என்றும் வாதாடலாம். ஸ்பெர்ரி ராண்ட் நிறுவனத்துக்காக மார்க் நைமன் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1965-இல் வழங்கப்பட்டது. திடீரென எழும் நீராவியால் மையைத் தள்ளும் அச்சுப்பொறியைத்தான் அது விவரிக்கிறது. வெப்பத்தை விட்டுவிட்டு, மைத்தாரையால் எழுதும் கருவி என்று பார்த்தால் 1951-இல் ரூனே எல்ம்க்விஸ்ட் பெற்ற காப்புரிமை இருக்கிறது. அது அளவைப் பதிவுக் கருவிக்கானது. (உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் இதயமுடுக்கியை 1958-இல் உருவாக்கியவரும் இவரே. இப்படிப்பட்ட மனிதரின் பெயர் ஏன் பரவலாகத் தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.) அதற்கும் முன்னால் போனால், தந்திச் சைகைகளைத் தாளில் மையால் பதிய வைக்க லார்ட் கெல்வின் 1867-இல் காப்புரிமை எடுத்திருக்கிறார்.

முன்னால் இத்தனை பேர் இருக்கும்போது பின்னால் வந்தவர்களுக்கு எப்படிக் காப்புரிமை கொடுத்தார்கள்? 'இங்க்ஜெட்' என்ற கருத்துக்கு யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை என்பதே விடை. பத்திரத்தின் தலைப்பையும் சுருக்கத்தையும் படங்களையும் பார்த்துவிட்டு மூடி வைப்பது இரண்டாவது பெரிய தவறு. சட்டப்படி எல்லை வகுப்பது கடைசிப் பக்கங்களில் எண்ணிட்டு வரும் உரிமைக் கோரல்கள்தான். ஒரு கோரலில் நான்கு உறுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: மை நிற்கும் அறை, அறையின் தரையில் வெப்பமூட்டும் மின்தடை, மின்தடைக்கு நேர் மேலே துளை, மின்தடையை மை அரிக்காமல் காக்கும் படலம். நான்கும் சேர்ந்திருக்கும் கருவிதான் அந்த எல்லைக்குள் வரும். துளையைப் பக்கவாட்டில் வைத்தவர் எழுத்துப்படி எல்லைக்கு வெளியே நிற்கிறார். இரண்டும் சமானமே என்று நீதிமன்றம் சொன்னால் அது தனி வழக்கு. இது வெறும் கற்பனையும் அல்ல. கேனனின் தொடக்ககால அச்சுத்தலைகளில் மை பக்கவாட்டில் வெளியேறியது. ஹியூலெட்-பேக்கர்ட் தலைகளில் மின்தடைக்கு நேர் மேலே வெளியேறியது.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவு புதியவர்களைத் திகைக்க வைக்கும். கோரல் நீளமாக நீளமாக உரிமை குறுகும். அரைப் பக்கத்துக்கு உறுப்புகளை அடுக்கிய கோரலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இரண்டே வரியில் முடியும் கோரலைக் கண்டுதான் எதிராளி பயப்படுவார்.

ஒரு பொருளுக்குக் காப்புரிமை இருக்கிறது என்பதால் அது வேலை செய்தது என்று நம்புவதும் வழக்கமான சறுக்கல். ஜூலியஸ் லிலியன்ஃபெல்ட் 1926-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1930-இல் பெற்ற காப்புரிமை, மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், இன்று நாம் மின்புல விளைவு டிரான்சிஸ்டர் என்று சொல்வதைத்தான் விவரிக்கிறது. அந்தக் காலத்துப் பொருள்களின் தூய்மையைக் கொண்டு அதை உருப்படியாக இயக்கிக் காட்டியதாகப் பதிவு இல்லை. ஆனாலும் அந்தத் தாள் வீண்போகவில்லை. 1940-களின் இறுதியில் பெல் ஆய்வகம் தன் இயற்பியலாளர் ஷாக்லியின் மின்புலக் கருத்துக்கு உரிமை தேடியபோது குறுக்கே நின்றது அதுவே. ஒரு கருவி ஓடவே இல்லை என்றாலும் அதன் விவரம் அச்சேறிவிட்டால், அடுத்தவர் அதைப் புதிது என்று சொல்ல முடியாது.

தேதிகளில் வரும் குழப்பத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். விண்ணப்பித்த நாள் வேறு, வழங்கிய நாள் வேறு. ஒருங்கிணைந்த மின்சுற்றுக்கு (ஐசி சில்லுக்கு) ஜாக் கில்பி விண்ணப்பித்தது 1959 பிப்ரவரி. ராபர்ட் நாய்ஸ் விண்ணப்பித்தது அதே ஆண்டு ஜூலை. வழங்கப்பட்ட நாளை மட்டும் பார்த்தால் கதை தலைகீழாகிவிடும்: நாய்சுக்கு 1961 ஏப்ரல், கில்பிக்கு 1964 ஜூன். கில்பியின் படத்தில் உறுப்புகளைச் சேர்ப்பவை மேலே வளைந்து நிற்கும் தங்கக் கம்பிகள். நாய்ஸ் அவற்றை ஆக்சைடு படலத்தின் மேல் படிய வைத்த உலோகக் கோடுகளாக மாற்றியிருந்தார். அந்த இணைப்பு முறை குறித்த வழக்கில் 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாய்ஸ் பக்கம் நின்றது. அதற்கு முன்பே 1966-இல் கில்பியின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்சும் நாய்சின் ஃபேர்சைல்டும் ஒருவருக்கொருவர் உரிமம் கொடுத்துச் சமாதானமாகிவிட்டன என்பது வேடிக்கை. 2000-இல் நோபல் பரிசு கில்பிக்குக் கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார்.

வெளியான விண்ணப்பத்தை, வழங்கப்பட்ட காப்புரிமை என்று எடுத்துக்கொள்வதும் இதே இனத்துத் தவறு. பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் பதிவிலிருந்து 18 மாதத்தில் தாமாகவே வெளியாகிவிடும். அமெரிக்க எண்ணின் வாலில் ஏ1 என்று இருந்தால் அது வெறும் விண்ணப்பம். இன்றைய எண்களில் பி1 அல்லது பி2 என்று இருந்தால் உரிமை வழங்கப்பட்டிருக்கிறது.

கண்டுபிடிப்பாளர்கள் தாமே செய்யும் தவறுகளில் கார்டன் கூல்டின் கதைக்கு ஈடில்லை. 1957 நவம்பரில் லேசர் பற்றிய தன் குறிப்பேட்டை ஒரு மிட்டாய்க் கடைக்காரரான நோட்டரியிடம் கொண்டுபோய்ச் சான்று வாங்கினார். அதுவரை சரி. அதன் பிறகு, இயங்கும் மாதிரி ஒன்றைச் செய்து முடித்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று தவறாக நினைத்துக் காத்திருந்தார். 1958 ஜூலையில் இயற்பியலாளர்கள் டவுன்சும் ஷாலோவும் விண்ணப்பித்து முந்திக்கொண்டார்கள். அவர்களுக்கு 1960-இல் காப்புரிமை கிடைத்தது. கூல்ட் விண்ணப்பித்தது 1959 ஏப்ரலில். பிறகு ஆண்டுக்கணக்கில் சட்டப் போராட்டம் நடத்தி, ஒளியைப் பாய்ச்சி லேசருக்கு ஆற்றல் ஊட்டும் ஒளியேற்ற முறைக்கு 1977-இல்தான் காப்புரிமை பெற்றார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு உரிமை. அதற்குள் லேசர் தொழில் பெருகிவிட்டதால், தாமதமே அவருக்கு ராயல்டியாகக் கொட்டியது. இதை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. 1995-க்குப் பின் அங்கும் காலக்கணக்கு விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு என்றாகிவிட்டது. 2013-இலிருந்து, முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. சான்று பெற்ற குறிப்பேடு இப்போது அந்த வரிசையில் யாரையும் முன்னே நகர்த்தாது.

விண்ணப்பிக்கும் முன்பே வாய் திறப்பது இதைவிட மோசம். எனியாக் கணினியை 1946 பிப்ரவரியில் ஊரறியக் காட்டினார்கள். அதை உருவாக்கிய எக்கர்ட்டும் மாக்லியும் விண்ணப்பித்தது 1947 ஜூன் 26-இல். வெளியே காட்டிய பிறகு விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் தரும் சலுகை ஓராண்டுதான். 1964-இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமையை 1973-இல் நீதிபதி ஏர்ல் லார்சன் செல்லாது என்று தீர்த்தபோது, காலம் கடந்த பொதுப் பயன்பாடு ஒரு காரணம். 1945-லேயே கைமாறிக்கொண்டிருந்த, கணினி வடிவமைப்பு பற்றிய வான் நாய்மனின் அறிக்கை இன்னொன்று. முன்பே மின்னணுக் கணினியில் முயன்ற அட்டனசாஃபிடமிருந்து கருத்து பெறப்பட்டது என்ற முடிவு மற்றொன்று. பல நாடுகளில் அந்த ஓராண்டுச் சலுகைகூடக் கிடையாது. ஆர்எஸ்ஏ மறையாக்க முறை 1977 ஆகஸ்டில் ஓர் அறிவியல் இதழில் அச்சானது, விண்ணப்பம் டிசம்பரில் போனது. அமெரிக்காவில் உரிமை கிடைத்தது. வெளிநாடுகளில் கதவு அடைத்துவிட்டது.

எண்ணிக்கையைப் பார்த்து மலைப்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. எடிசன் பெயரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள். இங்க்ஜெட் துறையின் கியா சில்வர்புரூக் பெயரில் 4,000-க்கும் மேல். ஒரே அச்சுத்தலை வடிவமைப்பைப் பிரித்து எத்தனையோ விண்ணப்பங்களாக்கலாம். மறுபக்கம், வண்ண வடிகட்டிக்காகப் பிரைஸ் பேயர் 1976-இல் பெற்ற ஒரே ஒரு காப்புரிமையின் அமைப்புதான் இன்றைய பெரும்பாலான கேமரா உணரிகளில் இருக்கிறது. இதைக் கண்ட பிறகும் எண்ணிக்கையை வைத்து மேதைமையை அளப்பவர்களிடம் வாதம் செய்து பயனில்லை.

கடைசியாக, 'கட்டுரையாக வெளியாகிவிட்டது, ஆகவே எல்லோருக்கும் பொது' என்ற எண்ணம். தரவைச் சுருக்கும் எல்இசட்டபிள்யூ முறையை டெரி வெல்ச் 1984-இல் ஒரு கணினி இதழில் விளக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பம் போயிருந்தது என்பதைப் படித்தவர்கள் பலர் கவனிக்கவில்லை. கணினிவழித் தகவல் சேவை நிறுவனமான கம்ப்யூசர்வ் 1987-இல் ஜிஃப் பட வடிவத்தை அதன்மேல் கட்டியது. ஜிஃப்பைப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற அறிவிப்பு 1994 டிசம்பர் இறுதியில் வந்தபோது மென்பொருள் எழுதுவோரிடையே எழுந்த கொந்தளிப்பில் பிறந்ததுதான் பிஎன்ஜி என்ற மாற்றுப் பட வடிவம். அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20-இல் காலாவதியானதும் பலர் நிம்மதியாக ஜிஃப் ஆதரவைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆனால் காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி; பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், கனடா ஆகிய நாடுகளில் அதே முறைக்கான உரிமை 2004 ஜூன், ஜூலை வரை உயிரோடுதான் இருந்தது.