300 என்ற எண்ணுக்கு மயங்காமல் டெலி சூம் லென்ஸ் வாங்குவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தங்கரையில் நின்று, கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸால் கூழைக்கடாவைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு, டெலி சூம் லென்ஸ் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. தண்ணீரும் வானமும் படத்தை நிறைத்திருக்க, பறவை நடுவில் ஒரு வெளிறிய புள்ளியாகக் கிடக்கும். அடுத்ததாக எந்த லென்ஸை வாங்குவது என்று விசாரித்தால், கடையிலும் நண்பர்களிடமும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் '300 எம்.எம். வாங்குங்கள்' என்பதே. லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் கடைசி எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதால்தான் குறைந்த விலையில் தேடுவோர் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. கையில் இருக்கும் பணம் அளவானது என்றால், அதை முதலில் அசைவைத் தணிக்கும் வசதிக்கும், அடுத்து நல்ல ஃபோகஸ் மோட்டாருக்கும், அதன் பிறகே கூடுதல் எட்டத்துக்கும் செலவிட வேண்டும்.

250 மி.மீ. லென்ஸுக்கும் 300 மி.மீ. லென்ஸுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. கேனானின் தொடக்கநிலைக் கேமராக்களில் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 22.3 மி.மீ. ஆகும், அதைக் குவியத் தூரத்தால் (லென்ஸில் அச்சிட்டிருக்கும் மி.மீ. எண்) வகுத்து, நமக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவால் பெருக்கினால், அந்தத் தொலைவில் எவ்வளவு அகலம் படத்துக்குள் அடங்கும் என்பது கிடைத்துவிடும். 30 மீட்டர் தொலைவில் 55 மி.மீ. லென்ஸ் 12 மீட்டர் அகலத்தையும், 250 மி.மீ. லென்ஸ் 2.7 மீட்டரையும், 300 மி.மீ. லென்ஸ் 2.2 மீட்டரையும் காட்டும். அங்கே 28 செ.மீ. நீளமுள்ள ஒரு வெண்தொண்டை மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால், 250-இல் அது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையும், 300-இல் எட்டில் ஒரு பங்கையும் பிடிக்கும். 55-இலிருந்து 250-க்குப் போவது மிகப் பெரிய தாவல். அதற்கு மேல் 300-க்குப் போவதால் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் மட்டுமே. அதே மீன்கொத்தியிலிருந்து பத்து மீட்டர் தொலைவு வரை நெருங்க முடிந்தால், 250-இலேயே அது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிரப்பிவிடும். பெரிய பொருள்களுக்கு இந்த எட்டமே கூட மிகுதியாகிவிடும்: பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலையை அரை கிலோமீட்டர் தள்ளி நின்று, கேமராவை நெட்டையாகப் பிடித்து எடுத்தால், 250-இல் சிலை படத்தை ஏறக்குறைய முழுவதுமாக நிறைக்கும். அதே தொலைவிலிருந்து, சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் முழுவதும் தெரிய வேண்டுமென்றால், கேமராவைக் கிடையாகப் பிடித்தாலும் சூமை 145 அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும்.

இனி அசைவைப் பற்றிப் பார்ப்போம். குவியத் தூரம் கூடக் கூடக் கை நடுக்கமும் அதே விகிதத்தில் படத்தில் பெரிதாகித் தெரியும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்துக்கு ஈடாக (100 மி.மீ. என்றால் 1/100 நொடி) இருக்க வேண்டும் என்பது பழைய விதி; சிறிய சென்சாருக்காக அதைக் கேனானில் 1.6 ஆலும், நிக்கான், சோனி கேமராக்களில் 1.5 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் 250-க்கு 1/400 நொடியும், 300-க்கு ஏறத்தாழ 1/500 நொடியும் தேவை. மாலை ஐந்தரை மணிக்குமேல் மணக்குடிக் காயலில் இந்த வேகத்தைப் பிடிக்க முயன்றால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) எகிறிப் படம் முழுவதும் மணல்மணலாகிவிடும். லென்ஸுக்குள் அசைவைத் தணிக்கும் அமைப்பு இருந்தால், அசையாத பொருள்களை இதைவிடப் பல மடங்கு மெதுவான வேகத்திலும் தெளிவாக எடுக்கலாம். ஆரல்வாய்மொழிக் காற்றில் கையும் கேமராவும் ஒருசேர ஆடும்போது இதன் அருமை தெரியும். ஆனால் இந்த அமைப்பு நம் கையின் அசைவைத்தான் தணிக்குமே தவிர, பறவையின் அசைவை நிறுத்தாது. பறந்து செல்லும் செம்பருந்துக்கு எந்த லென்ஸாக இருந்தாலும் 1/1000 நொடியோ அதைவிட விரைவோ வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கேனான் எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு முடிவு சுலபமானது. இ.எஃப். 75-300 மூன்றாம் பதிப்பு விலை குறைவாகவும், கேமராவோடு இரட்டை லென்ஸ் தொகுப்பாகவும் கிடைப்பதால் பலர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதில் அசைவுத் தணிப்பு இல்லை, 300-இல் கூர்மையும் குறைவு, ஒன்றரை மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. 2013-இல் வந்த இ.எஃப்-எஸ். 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். லென்ஸில் (ஐ.எஸ். என்பது அசைவுத் தணிப்பு, எஸ்.டி.எம். என்பது மோட்டாரின் வகை) தணிப்பு உண்டு, எடையும் குறைவு, 375 கிராம்தான். மோட்டார் ஓசையின்றி வேலை செய்யும், 85 செ.மீ. வரை அருகில் ஃபோகஸ் செய்யும் என்பதால் தும்பியையும் பட்டாம்பூச்சியையும் எடுக்கலாம். இரண்டில் ஒன்று என்றால், 75-300 புதிதாகக் கிடைத்தாலும் 55-250-ஐப் பழையதாக வாங்குவதே மேல். அதன் முந்தைய பதிப்புகளிலும் ஐ.எஸ். உண்டு, எஸ்.டி.எம். மோட்டார் மட்டும் இருக்காது.

நிக்கான் வாங்குவோர் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏ.எஃப்-பி. டி.எக்ஸ். 70-300 என்ற லென்ஸ் இரண்டு வகையாக வந்தது, வி.ஆர். என்ற எழுத்துகள் உள்ளதில்தான் அசைவுத் தணிப்பு இருக்கிறது, மற்றது தோற்றத்தில் ஏறக்குறைய அதேபோல் இருந்தாலும் அந்த வசதி இல்லாதது. இதைவிடப் பெரிய சிக்கல், ஏ.எஃப்-பி. மோட்டார் டி3100, டி3200, டி5100 போன்ற பழைய கேமராக்களில் வேலையே செய்யாது என்பது. டி3300, டி5300 கேமராக்களுக்கு ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு தேவைப்படும். டி3400, டி3500, டி5600 கேமராக்களில் எந்தத் தடையும் இல்லை. பழைய கேமரா என்றால் ஏ.எஃப்-எஸ். டி.எக்ஸ். 55-200 வி.ஆர். அல்லது 55-300 வி.ஆர். பொருந்தும். வெறும் 'ஏ.எஃப்.' என்று மட்டும் குறித்த பழைய 70-300 மிக மலிவாகக் கிடைக்கும். அதற்குள் மோட்டார் இல்லை, டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள்ளும் இல்லை என்பதால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களில் தொடக்கநிலைக்குரியவை பெரும்பாலும் உடலுக்குள் அசைவுத் தணிப்பு இல்லாதவை. கேனான் ஆர்50, ஆர்100-க்கு ஆர்.எஃப்-எஸ். 55-210, நிக்கான் இசட்50, இசட்30-க்கு 50-250 வி.ஆர்., சோனி ஏ6400-க்கு 55-210 ஓ.எஸ்.எஸ். (சோனியின் அசைவுத் தணிப்பு) என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்ற லென்ஸ் உண்டு. 2025-இல் கேனான் கொண்டுவந்த ஆர்.எஃப். 75-300-இலும் ஐ.எஸ். இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒளித் துளை பெரிதாகத் திறக்கும் எஃப் 2.8 லென்ஸைப் பற்றிய ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். 70-200 எஃப் 2.8 வகை ஒரு கிலோவுக்கு மேல், பலவும் ஒன்றரை கிலோ அளவுக்குக் கனக்கும், முன்னணி நிறுவனங்களுடையது என்றால் விலையும் லட்சத்தைத் தாண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவதில் நம் மாவட்டத்தில் கூடுதல் கவனம் தேவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் ஊரில், கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும்போது, தோல் பைக்குள் மாதக்கணக்கில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது வழக்கமாக நடப்பதே. லென்ஸைக் கழற்றி, இரு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, செல்பேசி டார்ச்சை ஒரு முனையில் சாய்வாக அடித்து, மறுமுனை வழியாகக் கோணத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். நான்கைந்து தூசித் துகள்கள் தெரிந்தால் கவலையில்லை. அவை படத்தில் வராது. ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிலந்தி வலைபோல் கிளைத்துப் படர்ந்த வெண்மை தெரிந்தால் அது பூஞ்சை. அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்தபின்னும் தடம் நிற்கும். சுத்தம் செய்யும் கூலியோ மலிவான லென்ஸின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும். எனவே விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றாலும் பூஞ்சை பிடித்ததை வாங்காமல் இருப்பதே நல்லது. மவுண்ட்டை (கேமராவில் பொருந்தும் வளையம்) சுற்றியுள்ள திருகாணிகளில் துருவும், மின்தொடர்புப் புள்ளிகளில் பச்சைக் களிம்பும் இருந்தால், லென்ஸ் உப்புக் காற்றில் உழைத்தது என்று அறியலாம்.

பிறகு உங்கள் சொந்தக் கேமராவில் பொருத்திப் பாருங்கள். முழு சூமில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி வ்யூஃபைண்டரில் பார்த்தால், ஆடிக்கொண்டிருந்த காட்சி ஒரு கணத்தில் நிலைப்பட வேண்டும். நிலைப்படவில்லையென்றால், மெனுவிலோ லென்ஸின் பொத்தானிலோ தணிப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழுது என்று சொல்ல வேண்டும். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை நேராக நின்று, ஒளித் துளையை (அபெர்ச்சர்) முழுவதும் திறந்து, படத்தின் நான்கு மூலைகளையும் எழுத்துகள் தொடும்படி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகள் நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, வாங்க வேண்டாம். சூம் வளையம் சுழலும்போது மணல் அரைபடும் ஓசை வந்தாலும் அப்படித்தான்.

வாங்கியபின் முதல் செலவு லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பான ஹூடுக்கும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்கும் ஆகட்டும். ட்ரைபாட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் வைத்து, அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசி போடும் பழக்கம் மாவுத் தூசியைத்தான் உள்ளே கொண்டுவரும். சொத்தவிளையிலோ முட்டத்திலோ எடுத்துவிட்டு வந்த நாளில், முதலில் ஊதுபந்தால் மணலைப் போக்கி, இலேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் லென்ஸ் உடலில் படிந்த உப்பைத் துடைத்து, உலர்ந்தபின் டப்பாவில் வையுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், டார்ச் சோதனையையும் பலகைச் சோதனையையும் பொட்டலம் வந்த அன்றே செய்துவிட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் உத்தரவாதச் சீட்டையும் எறியாமல் வைத்திருங்கள்.