தாழை வைக்கப் போகிறவர்கள் செய்யக்கூடாதவை

போன மாதம் போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பைக்கின் பின்னால் ஈரச்சாக்கில் நான்கு தாழைக் கன்றுகள். "அண்ணா, கிணத்தடியில வைக்கப் போறேன், எப்படி வைக்கணும்னு சொல்லுங்க" என்றார். எந்தச் செடியிலிருந்து எடுத்தது என்று கேட்டேன். கடலூரில் ஒரு சொந்தக்காரர் காயை முளைக்கப் போட்டுக் கொடுத்தாராம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம்.

தாழை கடற்கரை மணலிலும் கழிமுகத்திலும் வளரும் புதர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் கட்டுவது, ஆடு மாடு கடிக்காமல் காப்பது பற்றியெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

ஆணா பெண்ணா என்று தெரியாமல் வைப்பது

தாழையில் ஆண் தனி, பெண் தனி. நாம் தலையில் வைக்கும் தாழம்பூ ஆண்செடியில் மட்டும்தான் வரும். ஒடிசாவின் கஞ்சம் கடற்கரையில் அத்தரும் பிரியாணிக்கு ஊற்றும் கேவ்ரா தண்ணீரும் வடிக்கிறார்களே, அதற்கும் ஆண்பூதான். பெண்செடியில் அந்த மணம் கிடையாது, காய்தான் கிடைக்கும். விதைக்கன்று பூக்கும்வரை எது என்ன என்று இலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இது தெரியாமல் காவேரிப்பட்டணத்துக்குக் கிழக்கே எங்கள் வாய்க்கால் ஓரம் ஒன்பது கன்று வைத்தேன். ஒரு நர்சரியில் வாங்கியவை. ஐந்து வருஷம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் வீட்டுக்காரி கூப்பிட்டாள்: "என்னங்க, அண்ணாச்சிப்பழம் காய்ச்சிருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தால் இலைக்கு நடுவில் பச்சையாக, கட்டம் கட்டமாக ஒரு காய். ஒன்பதில் ஏழு பெண். விற்றவரிடம் போய்க் கேட்டேன். "தாழைன்னுதானே கேட்டீங்க, தாழைதானே கொடுத்தேன்" என்றார். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆணா பெண்ணா என்று அவருக்கே தெரியாது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிடுங்குவது அதைவிடக் கஷ்டம். தண்டிலிருந்து இறங்கிய விழுதுகள் ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமன். கடப்பாரை போட்டுப் பார்த்து, முடியாமல் கடைசியில் ஜேசிபி வைத்துத்தான் எடுத்தோம். வாய்க்கால் கரையும் சேர்ந்து சரிந்தது. ஐந்து வருஷம் போனது போனதுதான்.

அதனால் மழைக்காலத்தில் தாய்ச்செடி பூத்திருக்கும்போது நேரில் போங்கள். வெளிர்மஞ்சள் மடலைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே மாவு மாதிரி மகரந்தம் கையில் ஒட்ட வேண்டும். அந்தச் செடியிலேயே துணி கட்டி அடையாளம் வைத்து, அதன் அடியில் வரும் பக்கக்கன்றை எடுங்கள். தாய் ஆண் என்றால் பக்கக்கன்றும் ஆண்தான். என்னிடம் மிஞ்சிய இரண்டு ஆணில் ஒன்றில் அந்தத் தம்பிக்காகச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

உப்பு போடுவது

கடற்கரைச் செடியாயிற்றே என்று குழியில் கல்லுப்பு கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாழை உப்பைத் தாங்கும், அவ்வளவுதான். உப்பு அதற்குத் தேவையில்லை. நம் கிணறுகள் சிலவற்றில் ஏற்கெனவே உப்புத்தண்ணீர்தான், அதற்கு மேலும் ஏன்?

நடைபாதை ஓரம் வைப்பது

வேண்டாம். இலையின் இரண்டு ஓரத்திலும் முள், நடு நரம்பின் அடியிலும் முள்.

பெயரை நம்பி வாங்குவது

சமையலில் மணத்துக்குப் போடும் ரம்பைச் செடியையும் தாழை என்று விற்கிறார்கள். அதில் இலைதான் மணக்கும், பூவை எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், வரப்பில் நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு இனம்.

சருகை அடியிலேயே விடுவது

எலி வரும், பின்னாலேயே பாம்பு வரும்.

மடல் முழுதும் விரிந்த பிறகு பறிப்பது

மடல் லேசாக நெகிழ்ந்ததும் விடிகாலையில் நீளக்கம்பு அரிவாளால் அறுத்துவிடுங்கள். வெயில் ஏற ஏற மணம் போய்விடும். வெளிமடலின் முள்ளைச் சீவி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சிவன் கோயிலுக்கு எடுத்துப் போகாதீர்கள், உத்தரகோசமங்கை மாதிரி விதிவிலக்கான கோயில் தவிர வாங்க மாட்டார்கள். காய்ந்த மடலை வீட்டுக்காரி பட்டுப்புடவைக்கு நடுவில் வைக்கிறாள். பீரோவைத் திறந்தால் கூடம்வரை வாசம் வருகிறது.