முழங்கால் தேய்மானத்துக்குச் சீன மூலிகை வேது: முதல்முறை செய்பவர்களுக்கு

மூட்டுத் தேய்மானத்துக்குச் சீன மூலிகை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: குடிக்கும் கஷாயத்தில் தொடங்காதீர்கள், வேது பிடிப்பதில் தொடங்குங்கள்.

காரணம் இருக்கிறது. குடிப்பதில் பேர்போனது ‘து ஹுவோ ஜி ஷெங் தாங்’. சுன் சிமியாவ் என்ற மருத்துவர் கி.பி. 652-ல் முடித்த நூலில் வரும் 15 சரக்குக் கஷாயம் அது. அதில் சேரும் சிசின் என்ற செடியின் மேற்பாகத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அதனால்தான் சீனாவின் அரசு மருந்து நூல் 2005 முதல் வேர்ப்பகுதியை மட்டும் ஏற்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது; ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த, இதே அமிலம் உள்ள இன்னொன்று கலந்துவிட்டதுதான் காரணம். து ஹுவோ கஷாயத்தில் உள்ள தாங்குய் என்ற வேர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவை அதிகமாக்கும். பதிவு பெற்ற சீன மருத்துவர் நேரில் பார்த்து எழுதித் தந்தால் குடியுங்கள். சிங்கப்பூரில் இவர்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும்.

வேதுக்கு நான் சொல்வது ‘ஹாய்தோங்பி தாங்’ என்ற மூலிகைக் கூட்டு. சியான்லோங் பேரரசர் காலத்தில், 1742-ல் அரசு ஆணைப்படி தொகுத்த மருத்துவ நூலின் எலும்பு வைத்தியப் பகுதியில் இருக்கிறது. அடிபட்ட இடத்துக்கு எழுதியது. இன்று தேய்ந்த மூட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

முதலில், உங்கள் முழங்கால் இதற்கு ஏற்றதா என்று பாருங்கள். குளிரும் ஈரமும் காற்றும் மூட்டில் தங்கி ரத்த ஓட்டத்தைத் தடுப்பதுதான் வலி என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. மழைநாளில் கூடி, சூடு பட்டால் தணிகிற வலிக்கு இது பொருந்தும். சிவந்து, வீங்கி, தொட்டால் கொதிக்கிற மூட்டுக்கு வேண்டவே வேண்டாம். அது அழற்சி வகைக் கீல்வாதமாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள், காலில் புண் உள்ளவர்கள், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

அடுத்து சரக்கு. ஹாய்தோங்பி, தோகுத்ஸாவ், குந்திரிக்கம், வெள்ளைப்போளம் தலா 6 கிராம், சிச்சுவான் மிளகு 9, தாங்குய் 4.5; சுவான்சியோங், குசம்பப்பூ தலா 3; வெய்லிங்சியான், பாய்ஜி, ஃபாங்ஃபெங், அதிமதுரம் தலா 2.4. ஹாய்தோங்பி வேறெதுவும் இல்லை, நம் ஊர் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையின் பட்டை. அதற்காக வேலிப் பட்டையை உரித்துப் போட்டுவிடாதீர்கள். தோகுத்ஸாவ் என்ற பெயரிலும் பல செடிகள் விற்பனைக்கு வருகின்றன. சீன மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி ஒரே பொட்டலமாக வாங்குவதே நல்லது. வச்சநாவி சேர்ந்த கூட்டை யார் சொன்னாலும் வீட்டில் தொடாதீர்கள். அதன் நஞ்சு தோல் வழியாகவும் ஏறும்.

சரி, இனிக் காய்ச்சலாம். சரக்கை ஒன்றிரண்டாகப் பொடித்து, வெள்ளைத் துணியில் கிழி கட்டிக்கொள்ளுங்கள். மண் சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். இரும்பும் அலுமினியமும் ஆகாது, பட்டையின் துவர்ப்புச் சத்து அவற்றோடு வினைபுரியும். இரண்டு லிட்டர் தண்ணீரில் கிழியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 30 நிமிடம் காய்ச்சுங்கள். மூடி போட மறக்காதீர்கள், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

முதல்நாள் ஆறிய கஷாயத்தை முன்கையில் கொஞ்சம் தடவி, மறுநாள் வரை அரிப்போ தடிப்போ இல்லையென்றால்தான் முழங்காலுக்குப் போகலாம்.

வேது பிடிக்கும்போது பாத்திரத்தைத் தரையில் அசையாமல் வைத்து, முழங்காலை ஓர் அடிக்கு மேல் தள்ளி நீட்டி, துண்டால் மூடுங்கள். கை பொறுக்கும் ஆவி மட்டுமே காலுக்குப் படலாம். இந்த வைத்தியத்தில் எளிதில் நேரக்கூடிய காயம் வெந்துபோவதுதான், அதனால் அவசரமே வேண்டாம். கஷாயம் 40 டிகிரி அளவுக்கு ஆறியபின் துண்டை நனைத்துப் பிழிந்து முழங்காலைச் சுற்றிப் போடுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். மொத்தம் 20 நிமிடம். அதே கஷாயத்தை அன்று மாலை ஒருமுறை சூடாக்கிக்கொள்ளலாம், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

எவ்வளவு பலன்? சீனாவில் இதுபோன்ற மூலிகை வேதுகளில் பல ஆய்வுகள் நடந்து, வலி குறைவதாகச் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள், தரமும் குறைவு. மூலிகையால் வந்த பலன் எது, வெறும் சூட்டால் வந்தது எது என்று பிரிப்பதும் கடினம். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளராது. வலி தணிந்து, கால் மடங்குவது எளிதானால் அதுவே பெரிய உதவி என்பது என் கருத்து.

அந்த இளக்கத்தை வீணாக்காதீர்கள். துண்டை எடுத்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. எடை கூடியவர்கள் கொஞ்சம் இறக்கவும் பாருங்கள். 2005-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைவது தெரிந்தது. இரண்டு மூன்று வாரம் செய்தும் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் மூட்டு திடீரென வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விடுங்கள்.