விளக்குச் சிற்பங்களைப் படமெடுக்க ஏற்ற நேரம்

சிங்கப்பூர் கரையோரப் பூந்தோட்டத்தில், சீனர்களின் இலையுதிர்கால நடுவிழாவையொட்டி வைக்கும் பிரம்மாண்ட விளக்குச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறீர்களா? நன்றாக இருட்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே ஆண்டு முழுவதும் 7 மணியையொட்டியே சூரியன் மறைகிறது. அப்போதே போய் நின்றுவிடுங்கள். வானம் கருநீலமாக இருக்கும் அடுத்த இருபது நிமிடத்தில்தான் படம் அழகாக வரும். கைபேசித் திரையில் விளக்கின் மீது விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இல்லையென்றால், அமுதம் குடித்து நிலவுக்குப் பறந்த சாங்அ தேவியின் முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். உரலில் மருந்து இடிக்கும் நிலா முயல் கண்ணில் பட்டால், குழந்தையைப் போலக் குனிந்து கீழிருந்து எடுங்கள். அப்படியே பின்பக்கமும் எட்டிப் பாருங்கள்: கம்பிச் சட்டத்தின் மேல் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டிய துணி, உள்ளே விளக்குகள். எனக்கு முன்பக்கத்தைவிட அதுதான் பிடிக்கும்.