டிஇஎஃப் லைட் எரிகிறதா? முதலில் வாளியைப் பாருங்கள்

நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததிலிருந்து, நீல மூடி போட்ட அந்த டிஇஎஃப் டேங்க், அதாவது புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல் டேங்க் சம்பந்தமாகத்தான் பாதி சண்டை. ஓனர் வரும்போதே தீர்ப்போடு வருவார்: "நாக்ஸ் சென்சர் போயிடுச்சு, மாத்திக் குடுங்க." ஸ்கேனரில் நாக்ஸ் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு) அதிகம் என்று எரர் கோடு வந்திருக்கும், அவ்வளவுதான். சென்சர் பாவம், புகையில் இருப்பதைச் சொல்கிறது. புகை ஏன் அப்படி இருக்கிறது என்று பார்க்காமல் சென்சரை மாற்றினால், புது சென்சரும் அதையேதான் சொல்லும். விலையோ கொஞ்சநஞ்சமல்ல.

டேங்கில் இருக்க வேண்டியது 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது உப்பு நீக்கிய தண்ணீர். சூடான புகையில் இதைத் தெளித்தால் அம்மோனியா உண்டாகும். அந்த அம்மோனியா சைலன்சரோடு இருக்கும் கேட்டலிஸ்ட்டுக்குள் (வினையைத் தூண்டும் பாகம்) போய் நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். வண்டியைப் பொறுத்து 100 லிட்டர் டீசலுக்கு டிஇஎஃப் 3 முதல் 6 லிட்டர் வரை இறங்கும். டீசல் வழக்கம்போல் போகிறது, டிஇஎஃப் மட்டும் குறையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், தெளிப்பு நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே முதல் சோதனை திரவத்துக்கு. டிஇஎஃப் அளவு போட்ட ரிஃப்ராக்டோமீட்டர் (கரைசலின் அடர்த்தியைக் காட்டும் சின்னக் கருவி) ஒன்று வாங்கி வையுங்கள். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் கோடு தெரியும். 31.8க்கும் 33.2க்கும் நடுவில் நின்றால் அடர்த்தி சரி. கீழே இருந்தால் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் நம்ம ஊர் போர் தண்ணீராக இருந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு இன்ஜெக்டரிலும் கேட்டலிஸ்ட்டிலும் படிந்துவிடும். பிறகு நல்ல டிஇஎஃப் ஊற்றினாலும் அது போகாது.

அடர்த்தி சரியாக இருந்துவிட்டால் மட்டும் சரக்கு நல்லது என்று ஆகிவிடாது. உர மூட்டையைக் கரைத்தாலும் 32.5 காட்டும். வயலுக்குப் போகும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. பையூரெட் என்ற கழிவுப் பொருளும் அதிகம். கேட்டலிஸ்ட்டுக்கு இரண்டுமே ஆகாது. மானிய உரத்தை இப்படித் திருப்புவது குற்றமும்கூட. நல்ல டிஇஎஃப் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கலங்கலோ மஞ்சளோ வேப்ப வாடையோ இருந்தால் வாளியைத் திருப்பிக் கொடுங்கள். டிஇஎஃப்புக்கான தரக் குறி ஐஎஸ்ஓ 22241 என்று அச்சடித்திருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்றும் பாருங்கள். 30 டிகிரி சூட்டில் வைத்தால் ஒரு வருடம் தாங்கும், 35 டிகிரி என்றால் ஆறு மாதம். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் வாளிகளை அடுக்கி வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

அப்புறம் டார்ச் அடித்து டேங்க் வாய்க்குள் பாருங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் டீசல் கலந்திருக்கிறது. டீசல் ஊற்றிய புனலையே இதற்கும் பயன்படுத்தியிருப்பார்கள். சாவியைப் போடவே வேண்டாம். போட்டால் பம்ப், ரப்பர் சீல் எல்லாவற்றுக்கும் அது போய்விடும். டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் வழி. புனல், கேன் எல்லாம் பிளாஸ்டிக்காகத் தனியாக இருக்கட்டும். பித்தளையும் செம்பும் ஆகவே ஆகாது, அரித்துக் கரைந்துவிடும்.

திரவம் சுத்தம் என்றால் அடுத்தது இன்ஜெக்டர். இங்கேதான் கட்-ஆஃப் சுவிட்ச் கதை வருகிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் பின்னால் ஒரு சத்தம் கேட்கும், கவனித்திருப்பீர்கள். லைனில் மிச்சமிருக்கும் திரவத்தைப் பம்ப் திரும்ப டேங்குக்கு இழுக்கிற சத்தம் அது. டிரைவர் இறங்கிய கையோடு பேட்டரி கட்-ஆஃபைத் திருகினால் பாதியில் நின்றுவிடும். லைனில் தங்கியது காய்ந்து உப்பாகும். ஓரிரு நிமிடம் பொறுத்து, சத்தம் அடங்கிய பிறகு திருகச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே உப்புக் கட்டியிருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றி வெந்நீரில் ஊறப் போடுங்கள், கனெக்டர் மட்டும் நனையக் கூடாது. வெள்ளைக் கட்டி கல்கண்டு மாதிரி கரைந்துவிடும். கம்பி, ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்தினால் துவாரம் பெரிதாகி, தெளிப்பு கெட்டுவிடும். டீசல், பெட்ரோலில் கழுவவும் கூடாது. மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். வெந்நீருக்கு அசையாத கட்டி என்றால் அது யூரியா இல்லை, அரைகுறைச் சூட்டில் வேறு பொருளாக மாறியது. ஏசிக்காக மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தியிருக்கும் வண்டிகளில் சைலன்சருக்குள் இதைப் பார்க்கலாம். புகை 200 டிகிரியை ஒட்டிச் சூடானால்தான் இந்த வேலையே ஒழுங்காக நடக்கும்.

குளிர்காலத்தில் காஷ்மீர், இமாச்சல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மைனஸ் 11 டிகிரியில் டிஇஎஃப் உறையும். பயப்பட வேண்டாம், இன்ஜின் சூடேறியதும் கூலன்ட் லைன் அதை உருக்கிவிடும். டேங்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறைந்தால் விரியும்.

இத்தனைக்கும் பிறகு எரர் கோடு திரும்பத் திரும்ப வந்தால்தான் சென்சர். வயரிங்கையும் கனெக்டரில் ஈரத்தையும் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஓடிவந்த சூட்டோடு சைலன்சர் பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் சென்சரைக் கொல்லும்.

எச்சரிக்கையை அலட்சியப்படுத்தினால் முதலில் இழுவை குறையும், கடைசியில் பல வண்டிகள் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. அந்த நேரத்தில்தான் "ஒரு சின்ன டப்பா மாட்டினால் டிஇஎஃப்பே வேண்டாம்" என்று யாராவது வருவார்கள். சட்டவிரோதம். எங்கள் பட்டறையில் மாட்டுவதில்லை, எவ்வளவு கேட்டாலும் சரி.

சரிசெய்த உடனே லைட் அணையவில்லை என்று சண்டைக்கு வராதீர்கள். லோடோடு கரூர் வரைக்கும் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கேட்டலிஸ்ட் சூடாகி, நாக்ஸ் குறைந்ததைக் கம்ப்யூட்டர் தானே உறுதி செய்தால்தான் லைட் போகும்.