நான்கு இன ஸ்பைடர்: காலி அடுக்கில் கைவைக்கும் முன்

ஒருவர் தனியாக ஆடும் சீட்டாட்டமான நான்கு இன ஸ்பைடர் சாலிடேரைப் பழகத் தொடங்கியவர்கள் ஆடுவதைப் பார்த்தால், ஆட்டம் கைவிட்டுப் போகும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடம். சீட்டு சரியாக வரவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பத்துப் பதினைந்து நகர்த்தலுக்கு முன்னால் போனால் காரணம் கண்ணில் படும். சீட்டைக் கவனிக்காமல் விட்டது, தவறான இடத்தில் வைத்தது போன்றவை தானாகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. தானாகச் சரியாகாத பழக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டு, 104 சீட்டு, பத்து அடுக்கு. முதல் நான்கு அடுக்கில் ஆறாறு, மற்ற ஆறு அடுக்கில் ஐந்தைந்து என 54 சீட்டு இறங்கும். ஒவ்வோர் அடுக்கிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும். 44 சீட்டு கவிழ்ந்து கிடக்கும். மீதி 50 சீட்டும் சுற்றுக்குப் பத்தாக ஐந்து சுற்றில் வரும். 8-இன் மேல் எந்த இனத்து 7-ஐயும் வைக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும். ராஜா முதல் ஏஸ் வரை ஒரே இனத்தில் 13 சீட்டு சேர்ந்தால் அந்த வரிசை வெளியேறும். சிலந்திக்கு எட்டுக் கால் போல, எட்டு வரிசை வெளியேறினால் ஆட்டம் முடிந்தது.

ஒற்றை இனத்துப் பழக்கத்தோடு வருவது

ஒற்றை இன ஆட்டத்தில் எதை எதன் மேல் வைத்தாலும் பிறகு மொத்தமாகத் தூக்கிவிடலாம். அந்தக் கை நான்கு இனத்துக்கு வந்ததும் பொருந்துகிற சீட்டையெல்லாம் பொருத்திக்கொண்டே போகிறது. இங்கே ஒவ்வொரு கலப்பும் ஒரு பூட்டு. இன்று வைத்ததை நாளை எப்படிப் பிரிப்போம் என்று தெரியாமல் வைக்கக் கூடாது. ஒரே இனத்தில் சேரும் நகர்த்தல் இருந்தால் அதுதான் முதலில், கலப்பு அதற்கப்புறம்.

சின்னச் சீட்டிலிருந்து தொடங்குவது

கிளாவர் 10, ஆர்ட்டின் 9, இஸ்பேட் 8 மூன்றும் தனித்தனி அடுக்கில் திறந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் 8-ஐ எடுத்து 9-இன் மேல் வைத்தால் ஒரு கவிழ்ந்த சீட்டு திறக்கும். அத்தோடு சரி. 9-உம் 8-உம் வேறு வேறு இனம் என்பதால் சேர்ந்து 10-இன் மேல் ஏறாது. முதலில் 9-ஐ 10-இன் மேல் வைத்து, பிறகு 8-ஐ அந்த 9-இன் மேல் வைத்தால் இரண்டு சீட்டு திறக்கும். சீட்டு அதே மூன்றுதான். வரிசை மட்டும் வேறு. கலந்து வைக்கத்தான் வேண்டும் என்றால் பெரிய சீட்டிலிருந்து கீழே வாருங்கள்.

காலி அடுக்கு கிடைத்ததும் ராஜாவை வைப்பது

இதைப் பார்க்கும்போதுதான் இன்னமும் மனம் பதைக்கிறது. அரும்பாடுபட்டு ஓர் அடுக்கைத் துடைத்துக் காலி செய்கிறார்கள். அடுத்த நொடியே ஏதோ ஓர் அடுக்கின் மேல் கிடந்த ராஜாவை இழுத்து அதில் போட்டுவிடுகிறார்கள். ராஜா காலி இடத்தைத் தவிர வேறெங்கும் போகாது, அதனால் காலி இடம் ராஜாவுக்கே என்பது அவர்கள் கணக்கு. முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. ராஜா உட்கார்ந்த அடுக்கு, அவன் மேல் 12 சீட்டு ஒரே இனத்தில் ஏறி முழு வரிசையாக வெளியேறும்வரை பெரும்பாலும் காலியாகாது. நான்கு இனத்தில் அது வெகு தூரத்தில் இருக்கிறது.

காலி அடுக்கு சீட்டை இறக்கி வைத்து மறுபடி எடுக்கும் இடம். அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம்.

ஓர் அடுக்கின் முனையில் ஆர்ட்டின் 8, அதன் மேல் கிளாவர் 7. இன்னோர் அடுக்கின் முனையில் கிளாவர் 8, அதன் மேல் ஆர்ட்டின் 7. இரண்டும் கலப்பு, இரண்டும் பூட்டு. கிளாவர் 7-ஐக் காலி அடுக்கில் இறக்குங்கள். ஆர்ட்டின் 7-ஐ ஆர்ட்டின் 8-இன் மேல் வையுங்கள். காலி அடுக்கில் இருக்கும் கிளாவர் 7-ஐ எடுத்துக் கிளாவர் 8-இன் மேல் வையுங்கள். மூன்று நகர்த்தலில் இரண்டு பூட்டும் திறந்தன. காலி அடுக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்று. ஓர் அடுக்கில் மூன்று கவிழ்ந்த சீட்டு, அவற்றின் மேல் இஸ்பேட் 9, ஆர்ட்டின் 8, ஆர்ட்டின் 7. வேறோர் அடுக்கின் முனையில் இஸ்பேட் 10. ஆர்ட்டின் 8, 7 இரண்டையும் சேர்த்துக் காலி அடுக்கில் இறக்கி, இஸ்பேட் 9-ஐ இஸ்பேட் 10-இன் மேல் ஏற்றி, ஆர்ட்டின் ஜோடியை அந்த 9-இன் மேல் திருப்பி வையுங்கள். ஒரு கவிழ்ந்த சீட்டு திறந்தது, இஸ்பேட் 10-9 ஒன்றாகிவிட்டது, காலி அடுக்கும் கையில் இருக்கிறது.

இப்போது அந்த ராஜாவுக்கு வருவோம். அவனை முதலிலேயே வைத்திருந்தால் கிடைப்பது ஒரு கவிழ்ந்த சீட்டு மட்டும். மேலே சொன்ன இரண்டு காரியமும் நடந்திருக்காது. இரண்டையும் முடித்துவிட்டு ராஜாவை வைத்தால் மூன்றுமே கிடைக்கும். காலி அடுக்கைத் திருப்பித் தரும் நகர்த்தல்களை முதலில் தீர்த்துவிடுங்கள். திருப்பித் தராதது கடைசியில்.

எத்தனை சீட்டை இப்படிக் கடத்தலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரே இனமாகச் சேர்ந்து நகரும் பகுதியை ஒரு துண்டு என்று கொள்ளுங்கள். ஒரு காலி அடுக்கு இருந்தால், இறங்குமுகமாக அடுக்கிய கலப்பு வரிசையில் இரண்டு துண்டை இன்னோர் அடுக்கின் மேல் மாற்றலாம். இரண்டு காலி இருந்தால் நான்கு துண்டு, மூன்று இருந்தால் எட்டு. ஒவ்வொரு காலி அடுக்கும் கையின் பலத்தை இரட்டிக்கிறது. இரண்டு காலி இருக்கும்போது ஒன்றில் ராஜாவைப் போட்டால் பலம் பாதியாகிவிடுகிறது. இது தெரிந்த பிறகு அந்த ராஜாவை இழுக்கக் கை வராது.

ராஜாவை வைப்பது சரியாகும் சந்தர்ப்பமும் உண்டு. அவனுக்குக் கீழே ஒரே ஒரு கவிழ்ந்த சீட்டு இருந்து, அது திறந்ததும் வேறெங்காவது போய் உட்கார வழி இருந்தால், அந்த அடுக்கே புதிய காலி அடுக்காகிவிடும். ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று ஒரே இனத்தில் நீளமாக வளர்ந்த வரிசை என்றாலும் இடம் கொடுக்கலாம். அது வெளியேறும் நாள் பக்கத்தில் இருக்கிறது.

எல்லா அடுக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுவது

ஐந்து அடுக்கில் ஒவ்வொரு சீட்டாகத் திறந்தால் காலி அடுக்கு ஒன்றுகூட வராது. வலப்பக்கத்து ஆறு அடுக்கில் கவிழ்ந்தவை நான்குதான். இடப்பக்கத்து நான்கில் ஐந்து. குறைவாக உள்ள ஒன்றைப் பிடித்து அடிவரை போங்கள்.

அவசரமாக அடுத்த சுற்றைப் போடுவது

ஒரு சுற்று என்றால் பத்து அடுக்கின் தலையிலும் ஒவ்வொரு சீட்டு. பொறுக்கிச் சேர்த்த ஒரே இன வரிசைகளின் மேல் சம்பந்தமில்லாத சீட்டு வந்து உட்காரும். அது ராஜாவாக இருந்தால் காலி அடுக்கு வரும்வரை அந்த அடுக்கு அடைபட்டுவிடும். ஏஸாக இருந்தால் அதன் மேல் எதையும் வைக்க முடியாது. திறந்த 2-ஓ காலி அடுக்கோ கிடைத்தால்தான் அது நகரும். ஆகவே எல்லாக் கலப்பையும் ஒருமுறை பார்த்து, பிரிக்க முடிந்ததைப் பிரித்த பிறகே மீதிக் கட்டைத் தொடுங்கள்.

காலி அடுக்கு இருக்கும்போது சுற்றுப் போடக் கூடாது என்பது வழக்கமான விதி. அதனால் அதை நிரப்பியாக வேண்டும். எதைக் கொண்டு நிரப்புவது? ஒரு கவிழ்ந்த சீட்டைத் திறக்கும் நகர்த்தல் இருந்தால் அது முதல் தேர்வு. இல்லையென்றால் ஒரு கலப்பின் மேல்துண்டை எடுத்துப் போடுங்கள். ஏஸைத் தனியாகப் போடாதீர்கள். ஒரே இன வரிசையை உடைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

நகர்த்தல் எண்ணிக்கைக்குப் பயப்படுவது

விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த ஸ்பைடரில் 500 புள்ளியில் தொடங்கி, நகர்த்தலுக்கு ஒன்று குறையும், வரிசை ஒன்று முடிந்தால் 100 கூடும். மூன்று புள்ளியை மிச்சம் பிடிக்க மேலே சொன்ன 7-களைப் பூட்டியபடியே விடாதீர்கள்.

முடிந்த வரிசையை உடனே எடுப்பது

திரையில் அது தானாகவே போய்விடும். கையால் சீட்டுப் போட்டு ஆடும்போது அவசரமில்லை. முடிந்த வரிசையைக் கொஞ்ச நேரம் மேசையில் விட்டு, அதன் வால்பகுதியைப் பிரித்து வேறு சீட்டுக்கு இடம் கொடுக்கலாம்.

அன்டூவை (நகர்த்தலைப் பின்வாங்கும் பொத்தானை) தொடவே கூடாது என்பது

பழகும்போது தாராளமாகத் தொடுங்கள். ஆட்டம் இறுகியதும் புதிய ஆட்டத்துக்குப் போகாமல், முதல் காலி அடுக்கு கிடைத்த இடம்வரை பின்னால் போய், அதில் முதலில் எந்தச் சீட்டை வைத்தீர்கள் என்று பாருங்கள்.